நடந்து செல்பவருக்கு மின்சாரம்
(வேலை, சக்தி, வலு: பிரயோகப் பாடம்)



"சக்திக் காப்பு விதியைக் கூறுக" என்று கேட்டால் உங்களில் அநேகமானோர் பிழையின்றி எழுதிவிடுவீர்கள். சக்தியை ஆக்கவோ அழிக்கவோ முடியாது, ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றலாம். புள்ளி கிடைத்துவிடும். ஆனால் அதே விதியை நாளாந்த வாழ்க்கையிலுள்ள ஒரு பொருளில் வைத்துக் கேட்டால் நிலைமை வேறு. "நடக்கும்போது மின்னைப் பிறப்பிக்கும் முதுகுப்பையின் நன்மையொன்று தருக" என்று ஒருமுறை வகுப்பிற் கேட்டேன். வகுப்பில் அரைவாசிக்கு மேல் எழுதிய விடை ஒன்றுதான்: "செலவில்லாமல் மின்சாரம் கிடைக்கும்." விதியை எழுதிய அதே கை அந்த விதிக்கு எதிரான விடையையும் எழுதியிருந்தது.

நான் கலைப் பட்டதாரி. தமிழ் கற்பிப்பவன். கட்டுரை வினாவில் விஞ்ஞானத் தலைப்பொன்று வந்தால் தகவலின்றி வெறும் புகழ்ச்சியை எழுதிப் பக்கத்தை நிரப்பும் பழக்கத்தைப் பார்த்துச் சலித்துத்தான் இப்பாடத்தை எழுதுகிறேன். இதிலுள்ள கணக்குகள் பெருக்கலும் பிரித்தலும் மட்டுமே. எனக்கு விளங்கியது உங்களுக்கும் விளங்கும்.

கவிழ்த்து வைத்த சைக்கிள்

பற்றரி வடக்குக்கு வருவது தடைப்பட்டிருந்த 1990களின் நடுப்பகுதியில் எனக்கு ஏழெட்டு வயது. யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை. இரவானால் எங்கள் வீட்டு விறாந்தையில் மாமாவின் சைக்கிள் கவிழ்ந்து நிற்கும். பின்சில்லில் தைனமோ, தைனமோவிலிருந்து வயர், வயரின் மறுமுனையில் வானொலி. செய்தி முடியும்வரை ஒருவர் கையால் பெடலைச் சுற்ற வேண்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், இக்கதை பல வீடுகளில் உண்டு.

அந்தச் சைக்கிளில் நடந்ததைப் பாட மொழியிற் சொல்வோம். தைனமோவினுள் ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும் உள்ளன. சில்லு சுற்றும்போது காந்தம் சுற்றுகிறது. சுருளினூடான காந்தப் பாயம் மாறுவதால் சுருளில் மின்னியக்க விசை தூண்டப்படுகிறது. இது மைக்கல் பரடே 1831இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டல். சைக்கிள் தைனமோ பொதுவாக 6 வோல்ற்று, 3 வாற்று அளவுடையது. அதிலிருந்து வருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். ஆகவே இருவாயிகளால் சீராக்கி, கொள்ளளவியால் ஒப்பமாக்கித்தான் கொடுக்க வேண்டும். எங்கள் தெருவில் இதைச் செய்து கொடுத்தவர் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புத் தாண்டாதவர்.

வானொலிக்குப் பதிலாக கசற் றெக்கோடரைப் பூட்டினால் இன்னொன்றும் தெரியும். சுற்றுபவர் களைத்தால் வோல்ற்றளவு விழும், பாடகரின் குரல் இழுபடும். உடனே உள்ளேயிருந்து யாராவது "சுத்தடா!" என்று சத்தம்போடுவார்கள். மின்சாரத்துக்கு விலை இல்லையென்று அந்த விறாந்தையில் யாரும் நினைத்ததில்லை. விலை சுற்றுபவரின் தோளில் இருந்தது. அது அவர் பகல் சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து வந்தது. இரசாயனச் சக்தி தசையில் இயக்கச் சக்தியாகி, தைனமோவில் மின்சக்தியாகி, வானொலியில் ஒலிச் சக்தியாகியது. ஒவ்வொரு படியிலும் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்தது. இந்தச் சங்கிலியை ஒழுங்காக எழுதத் தெரிந்தவருக்கு இப்பாடத்தின் பாதி முடிந்துவிட்டது.

எவ்வளவு வேண்டும்?

மற்றப் பாதி அளவுகளைப் பற்றியது. வலு என்பது சக்தி மாறும் வீதம். ஒரு செக்கனில் ஒரு யூல் எனின் ஒரு வாற்று. ஒரு வாற்று வலுவை ஒரு மணித்தியாலம் தொடர்ந்து பெற்றால் கிடைக்கும் சக்தி ஒரு வாற்று மணி, அதாவது 3600 யூல். வாற்றையும் வாற்று மணியையும் ஒன்றென எழுதுவோர் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். ஒன்று குழாயில் நீர் வரும் வேகம், மற்றையது வாளியில் நிறைந்த நீர்.

இன்றைய கையடக்கத் தொலைபேசியொன்றின் மின்கலம் 5000 மில்லி அம்பியர் மணி, 3.7 வோல்ற்று எனக் கொள்வோம். 5 அம்பியர் மணியை 3.7 வோல்ற்றாற் பெருக்க 18.5 வாற்று மணி. யூலில் 66,600. இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

நடப்பவரிடம் சில்லு இல்லை

சைக்கிளோட்டிக்குச் சில்லு உண்டு, தைனமோவை அதில் உரசவிட்டால் போதும். நடந்து செல்பவரிடம் சுற்றுவது எதுவுமில்லை. மலையேறுபவர், காட்டில் ஆய்வு செய்பவர், மீட்புப் பணியாளர், படைவீரர் ஆகியோர் ரோச், தொடர்பாடற் கருவி, இடங்காட்டும் கருவி, கமெரா என்பவற்றைச் சுமந்து நாட்கணக்கில் நடக்கிறார்கள். மூன்று நாட் பணிக்குப் புறப்படும் படைவீரர் ஒருவர் பல கிலோகிராம் பற்றரிகளைச் சுமக்க வேண்டியிருந்தது. பற்றரி தீர்ந்தால் கருவி வெறும் பாரம். காட்டுக்குள் வழி தவறியவருக்கு அது உயிர்ப் பிரச்சினையும் ஆகலாம். ஆகவே நடையிலேயே அசையும் பகுதி எது என்று விஞ்ஞானிகள் தேடினார்கள்.

முதலில் இடுப்பு. நாம் நடக்கும்போது உடல் நேர்கோட்டிற் செல்வதில்லை. ஒவ்வோர் அடியிலும் ஏறத்தாழ 5 சென்ரிமீற்றர் எழுந்து தாழ்கிறது. தலையில் தண்ணீர்க் குடத்துடன் நடப்பவரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் தெரியும். முதுகிலுள்ள பாரமும் கூடவே எழுந்து தாழ்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் தசைகளை ஆராய்ந்துவந்த உயிரியலாளர் லோரன்ஸ் றோம் இதைப் பயன்படுத்தினார். முதுகுப்பையின் சட்டகத்தில் பாரத்தை இறுகக் கட்டாமல் விற்களில் தொங்கவிட்டார். நடக்கும்போது பாரம் சட்டகத்தின் வழியே மேலும் கீழும் வழுக்கும். அந்த அசைவு பற்சட்டமொன்றினால் சுழற்சியாக மாற்றப்பட்டுச் சிறு மின்பிறப்பாக்கியைச் சுற்றும். இவ்வாய்வு 2005இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளிவந்தது.

கணிப்போம். பாரத்தின் திணிவு 36 கிலோகிராம், எழும் உயரம் 0.05 மீற்றர், புவியீர்ப்பு ஆர்முடுகல் 10.

ஓர் அடியிற் செய்யப்படும் வேலை = திணிவு × புவியீர்ப்பு ஆர்முடுகல் × உயரம்
= 36 × 10 × 0.05 = 18 யூல்

செக்கனுக்கு இரண்டு அடி எனின் வலு 36 வாற்று.

இது கடதாசியில் உள்ள உச்ச எல்லை. 20 முதல் 38 கிலோகிராம் வரையான சுமைகளுடன் செய்த சோதனைகளில் உண்மையாகப் பெறப்பட்டது உச்சமாக 7.4 வாற்று மின்வலு. எழுந்து தாழும் சக்தி முழுவதையும் பிறப்பாக்கிக்குக் கொடுக்க முடியாது, கொடுத்ததிலும் ஒரு பகுதி உராய்வாலும் சுருளின் தடையாலும் வெப்பமாகிவிடும். ஆயினும் 7.4 வாற்று சிறிய அளவன்று. எங்கள் விறாந்தைத் தைனமோவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இங்கே ஒரு நிபந்தனையைக் கவனிக்க. பாரம் குறைந்தால் மின்னும் குறையும். கட்டாயம் பெரும் பாரம் சுமக்க வேண்டியவருக்கே இப்பை பொருந்தும். மின்சாரத்துக்காக யாராவது பையில் கல் போட்டுச் சுமந்தால் அவரைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

அடுத்தது முழங்கால். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். காலை முன்னே வீசி நடக்கும்போது, வீச்சின் முடிவில் தொடையின் பின்புறத் தசைகள் காலை இழுத்து வேகத்தைக் குறைக்கின்றன. இது பிரேக் பிடிப்பது போன்றது. பிரேக் பிடிப்பதற்கும் தசை சக்தியைச் செலவழிக்கிறது. மலைப் படிக்கட்டில் இறங்கிய மறுநாள் தொடை நோவது உங்களுக்குத் தெரியும், ஏறியதால் மட்டும் வந்த நோவன்று அது. கனடாவின் சைமன் பிறேசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மக்ஸ் டொனலனும் குழுவினரும் 2008இல் இந்தப் பிரேக் வேலையை ஒரு மின்பிறப்பாக்கியிடம் கொடுத்தார்கள். முழங்காலிற் கட்டும் அக்கருவி கால் வேகம் குறையும் கணத்தில் மட்டும் பிறப்பாக்கியை இணைக்கும், மற்ற நேரத்தில் விலகிக்கொள்ளும். ஹைபிரிட் மோட்டார் கார் பிரேக் பிடிக்கும்போது தன் பற்றரிக்கு மின்னேற்றுவதும் இதே தத்துவம்தான். செக்கனுக்கு 1.5 மீற்றர் வேகத்தில் நடந்தவர்களின் இரு கால்களிலிருந்தும் சராசரியாக ஏறத்தாழ 5 வாற்று கிடைத்தது. பிறப்பாக்கி தசைக்கு உதவுவதால், நடப்பவருக்குக் கூடும் உழைப்பு கைப்பிடி சுற்றி அதே மின்னைப் பெறுவதைவிட மிகக் குறைவு. குறைவு என்று எழுதுங்கள், "இல்லை" என்று எழுத வேண்டாம். ஒவ்வொரு கருவியும் 1.6 கிலோகிராம். காலிற் கட்டிய பாரம் முதுகிலுள்ள அதே பாரத்தைவிடக் கூடுதலாகக் களைப்பைத் தரும், ஏனெனில் அதை ஒவ்வோர் அடியிலும் வீச வேண்டும்.

சப்பாத்தைப் பற்றியும் எழுதுவோர் உண்டு. குதிக்காலின் கீழ் அமுக்கும்போது மின்னைத் தரும் பளிங்குத் தகடுகளை வைக்கும் முறை அது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் 1990களின் இறுதியில் சோதித்தபோது இத்தகடுகளிலிருந்து மில்லிவாற்றுக் கணக்கிலேயே வலு கிடைத்தது. சிறு உணரிக்குப் போதும், தொலைபேசிக்குப் போதாது.

முறுக்கு வானொலியைக் கண்டுபிடித்த பிரித்தானியர் ட்ரெவர் பெய்லிஸ் (1937–2018) 2000ஆம் ஆண்டளவில் மின் சப்பாத்து அணிந்து நமீப் பாலைவனத்தில் 100 மைல் நடந்தார். கண்ணிவெடி அகற்றும் பணிக்கு நிதி சேர்ப்பதும் அந்நடையின் நோக்கம். ஆனாலும் அவர் பெயர் நிலைத்தது வானொலியால்தான். 1991இல் ஆபிரிக்காவில் எயிட்ஸ் பரவுவது பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில், வானொலி இருந்தால் விழிப்பூட்டலாம், ஆனால் பற்றரி வாங்க மக்களிடம் பணமில்லை என்பதைக் கேட்டு அவர் வேலையில் இறங்கினார். ஒரு வில்லை அரை நிமிடமளவு முறுக்கினால் ஏறத்தாழ அரை மணிநேரம் வானொலி பாடியது. இரகசியம் வில்லில் மட்டும் இல்லை. வானொலிக்கு மிகக் குறைந்த வலு போதும். மின் போதாதவர் கூடுதலாகப் பிறப்பிப்பதற்கு முன் குறைவாகச் செலவழிக்கும் கருவியைத் தேட வேண்டும். ஒளிகாலும் இருவாயி வந்த பின் ரோச் லைற்றுக்கு நடந்ததும் இதுவே.

பிஸ்கற்றா, பற்றரியா?

நடப்பவர் சுமக்கும் சக்தி இரண்டு வகை. ஒன்று பற்றரியில், மற்றது சாப்பாட்டில். 100 கிராம் பிஸ்கற்றில் ஏறத்தாழ 450 கிலோகலோரி உண்டு. ஒரு கிலோகலோரி 4.2 கிலோயூல் என, 1890 கிலோயூல். 100 கிராம் இலிதியம் அயன் கலத்தில் எவ்வளவு? கிலோகிராமுக்கு 200 வாற்று மணி என எடுத்தால் 20 வாற்று மணி, அதாவது 72 கிலோயூல். பிஸ்கற்றில் 26 மடங்கு!

ஆனால் அவசரப்பட வேண்டாம். தசையின் வினைத்திறன் ஏறத்தாழ 25 சதவீதம். பிறப்பாக்கியின் வினைத்திறன் 50 சதவீதம் எனக் கொள்வோம். 1890இல் காற்பங்கு 472, அதில் அரைவாசி 236 கிலோயூல். இவ்வளவு கழிந்த பின்னும் பற்றரியைப் போல மூன்று மடங்கு மிஞ்சுகிறது. ஆகவே நடந்து மின் பெறும் எண்ணம் விளையாட்டன்று. ஆனால் "செலவில்லாத" மின்சாரமும் அன்று. செலவு பிஸ்கற்றில் எழுதப்பட்டிருக்கிறது. சாப்பாட்டுக்கே தட்டுப்பாடான இடத்தில் அது பெரிய செலவு. எங்கள் மாமா செய்தி கேட்ட நாட்களில் பெடல் சுற்றியவருக்குத்தான் முதலில் தேநீரும் பனங்கட்டியும் கிடைக்கும்.

எத்தனை நாள் நடந்தால் இலாபம்?

இனி, கருவியின் பாரத்தையும் கணக்கிற் சேர்ப்போம். இரு முழங்கால் கருவிகளும் சேர்ந்து 3.2 கிலோகிராம். அதே 3.2 கிலோகிராமுக்கு இலிதியம் கலங்களை எடுத்துச் சென்றால் 3.2 × 200 = 640 வாற்று மணி கையிலிருக்கும். கருவி 5 வாற்று தருவதால் 640 வாற்று மணியைப் பெற 128 மணித்தியாலம் நடக்க வேண்டும். நாளொன்றுக்கு 6 மணித்தியாலம் எனின் 21 நாளுக்குச் சற்று மேல். மின்செருகி இல்லாத இடத்தில் மூன்று வாரத்துக்குக் குறைவாக நடப்பவருக்குப் பற்றரியே பாரம் குறைந்த வழி.

சூரியப் படலுக்கும் இதைச் செய்து பார்ப்போம். 20 வாற்று என எழுதப்பட்ட மடிக்கும் படலொன்று ஏறத்தாழ 600 கிராம் என வைப்போம். 20 வாற்று என்பது சதுர மீற்றருக்கு 1000 வாற்று சூரிய ஒளி செங்குத்தாக விழும்போது கிடைப்பது. நடப்பவரின் முதுகில் தொங்கும் படலுக்கு அப்படி விழாது. நாம் மத்திய கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் நண்பகற் சூரியன் தலைக்கு மேல் நிற்கும், முதுகிலே நிமிர்ந்து தொங்கும் படலில் ஒளி சறுக்கிப் போகும். பையின் மேற்பகுதியிற் கிடையாகக் கட்டுவது நல்லது. மரநிழல், மேகம் எல்லாம் போக நாளுக்கு 5 மணித்தியாலம், சராசரி 5 வாற்று என்றால் 25 வாற்று மணி. 600 கிராம் பற்றரியில் 120 வாற்று மணி. ஐந்தாம் நாளளவில் படல் முந்திவிடும். முழங்கால் கருவிக்கு மூன்று வாரம், படலுக்கு ஐந்து நாள். நடையாளிகள் பலரும் படலைத் தெரிவதன் காரணம் இவ்வளவுதான். இருட்டிலும் அடர்காட்டிலும் நடப்பவருக்கு மட்டும் இக்கணக்கு மாறும்.

பெரியம்மாவின் யாத்திரை

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம்வரை ஏறத்தாழ ஒன்றரை மாதம் நடக்கும் பாதயாத்திரையை அறிவீர்கள். எங்கள் பெரியம்மா போகும்போது நான் கெட்டித்தனமாக நடைபாதைக் கடையொன்றில் கையாற் சுற்றும் மின்னேற்றியை வாங்கிக் கொடுத்தேன். அதன் வலு 2 வாற்று அளவில் இருந்திருக்கும். ஒரு மணித்தியாலம் சுற்றினால் 2 வாற்று மணி, 18.5இல் அது 11 சதவீதம். தொலைபேசிக்குள் போகுமுன் அதிலும் கழிவு உண்டு. மட்டக்களப்பிலிருந்து அழைத்துச் சொன்னார்: "தம்பி, இதைச் சுத்துற நேரத்துக்கு நான் கோயிலைச் சுத்தியிருப்பன்." கருவியை அங்கேயே ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்.

என் பிழை என்ன? ஒன்றரை மாதம் என்ற எண்ணைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டியது, ஒரு மின்செருகிக்கும் அடுத்த மின்செருகிக்கும் இடையிலுள்ள மிக நீண்ட இடைவெளி. வழியெங்கும் கோயில்களும் ஊர்களும் உள்ளன. உகந்தையைத் தாண்டி யால காட்டுக்குள் செல்லும் சில நாட்களே மின்சாரமற்றவை. ஐந்து நாள் என வைப்போம். இரண்டு நாளுக்கு ஒருமுறை மின்னேற்றினால் மூன்று தடவை, 55 வாற்று மணி அளவு. இதற்கு ஒரு பவர் பேங்க் போதும், அதன் பாரம் அரைக் கிலோகிராமுக்குள்.

அதிலும் ஒரு பொறி உண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தபோது பவர் பேங்க் வாங்கியவர்கள் பலர் ஏமாந்த இடம் இது. மேலே 20,000 மில்லி அம்பியர் மணி என்று இருக்கும். 5000 உள்ள தொலைபேசிக்கு நான்கு தடவை என்று பிரித்துவிடுவோம். அந்த 20,000 என்பது உள்ளேயுள்ள கலத்தின் 3.7 வோல்ற்றில் அளந்தது, ஆகவே 74 வாற்று மணி. அதை 5 வோல்ற்றுக்கு உயர்த்தி வெளியே அனுப்பும்போதும், தொலைபேசிக்குள் மின்னேற்றும்போதும் வெப்பமாகக் கழிவுண்டு. மூன்று தடவை கிடைத்தால் நல்ல பொருள். மில்லி அம்பியர் மணியை மட்டும் கொண்டு இரு பற்றரிகளை ஒப்பிட வேண்டாம், வோல்ற்றாற் பெருக்கி வாற்று மணியாக்கிய பின் ஒப்பிடுக.

பயிற்சி

1. 5 கிலோகிராம் புத்தகப்பையை விற்களில் தொங்கவிட்டு, செக்கனுக்கு இரண்டு அடி வீதம் நடக்கும் மாணவரின் பை ஒவ்வோர் அடியிலும் 5 சென்ரிமீற்றர் எழுகிறது. ஓர் அடியிற் செய்யப்படும் வேலையையும் உச்ச வலுவையும் காண்க. உண்மையிற் கிடைக்கும் மின்வலு இதைவிடக் குறைவதற்கு இரு காரணங்கள் தருக.

2. முழங்கால் கருவியின் திணிவை அரைவாசியாக்கி, வலுவை 5 வாற்றாகவே வைத்திருந்தால், பற்றரிக்கு ஈடாக எத்தனை நாள் நடக்க வேண்டும்?

3. தொலைபேசியொன்றை முழங்கால் கருவியால் முற்றாக மின்னேற்ற எத்தனை கிலோமீற்றர் நடக்க வேண்டும்? (வேகம் மணிக்கு 5.4 கிலோமீற்றர். கழிவுகளைப் புறக்கணிக்க.)

4. "நடக்கும்போது பெறும் மின்சாரம் செலவற்றது." இக்கூற்றைச் சைக்கிள் தைனமோவை உதாரணமாகக் கொண்டு ஆராய்க.

விடைகள்: (1) 2.5 யூல், 5 வாற்று. (2) ஏறத்தாழ 11 நாள். (3) 3.7 மணித்தியாலம், ஏறத்தாழ 20 கிலோமீற்றர். யாழ்ப்பாண நகரிலிருந்து புறப்பட்டால் சாவகச்சேரியைத் தாண்டிவிடுவீர்கள். (4) இதற்கு விடை தரப்படவில்லை. தைனமோ பூட்டிய சைக்கிளொன்றைக் கவிழ்த்து வைத்து, பத்து நிமிடம் கையாற் சுற்றிய பின் எழுதுக.